இருபது பக்கத்துக்கு ஒரு தீர்ப்பு

2016 மே 25, புதன்கிழமை. அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளில் ‘கேப்டன் அமெரிக்கா: ஸ்டீவ் ராஜர்ஸ்’ தொடரின் முதல் இதழ் விற்பனைக்கு வந்தது. கதை நிக் ஸ்பென்சர், ஓவியம் ஹேசூஸ் சாய்ஸ். இதழ் முடியும் இடத்தில் கேப்டன் அமெரிக்கா தன் கூட்டாளி ஜாக் ஃபிளாக்கை விமானத்திலிருந்து வெளியே தள்ளுகிறார். பிறகு கட்டுண்டு கிடக்கும் விஞ்ஞானி எரிக் செல்விக்கை நோக்கித் திரும்பி, தான் யாருடைய ஆள் என்பதைச் சொல்கிறார். இத்தனை காலமும் அவர் எந்த ஹைட்ராவோடு சண்டை போட்டாரோ, அதே ஹைட்ராவின் ஆள். அத்துடன் இதழ் முடிந்துவிடுகிறது. மிச்சம் அடுத்த மாதம்.

இந்த நாயகனைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள். 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டார். நாஜிச் சாயல் படிந்த ஓர் அமைப்பின் கையாளாக அவரை 75 ஆண்டுகள் கழித்துக் காட்டினால் என்ன நடக்குமோ அது நடந்தது. வாசகர்கள் கொதித்தார்கள். காமிக்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காத பத்திரிகைகள்கூட இதைச் செய்தியாக்கின. இது ஆள்மாறாட்டம் ஒன்றுமில்லை, அசல் ஸ்டீவ்தான் என்று புதிய தொடரை உருவாக்கியவர்கள் பேட்டி கொடுத்தது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. ஜூன் இறுதியில் வந்த இரண்டாம் இதழ் மர்மத்தை உடைத்தது. சிறுமி வடிவில் நடமாடும் கோபிக் என்ற பிரபஞ்ச சக்தி, வில்லன் ரெட் ஸ்கல்லின் போதனையில் மயங்கி, ஸ்டீவின் கடந்தகாலத்தையே மாற்றி எழுதிவிட்டதாம்.

முதல் இதழைக் கிழித்துத் தொங்கவிட்ட விமர்சகர்கள் அவசரக்குடுக்கைகளா? அப்படிச் சொன்னவர்கள் அப்போது உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் பதிப்பகமான மார்வெல் அந்தப் புதன்கிழமை விற்றது ஒரு முழுக்கதையை அல்ல, அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். வாசகன் காசு கொடுத்து வாங்கியதும் அதைத்தான். விற்ற பொருளை எடைபோட்டவரிடம் “விற்காத பொருளையும் சேர்த்து எடைபோட்டிருக்க வேண்டும்” என்று வாதாடுவது நியாயமாகாது. அதே சமயம், தொடரின் முடிவே தெரிந்துவிட்டதுபோல எழுதிய விமர்சனங்கள் ஐந்து வாரத்தில் செல்லாக்காசாயின என்பதும் உண்மை. வாரந்தோறும் வரும் சூப்பர்ஹீரோ இதழ்களை விமர்சிக்கும் தொழிலின் முழுச் சிக்கலும் இந்த ஒரே வழக்கில் அடங்கியிருக்கிறது.

இதழ் என்பது எவ்வளவு சிறிய பொருள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். நடுவில் இரண்டு பின் அடித்த மெல்லிய புத்தகம். உள்ளே கதைக்குப் பெரும்பாலும் இருபது பக்கம்தான். முன்பு இருபத்திரண்டு இருந்தது. 2011 தொடக்கத்தில் விலையை 2.99 டாலரில் நிறுத்திவைக்கிறோம் என்று அறிவித்த டிசி நிறுவனம் அதற்கு ஈடாக இரண்டு பக்கத்தை வெட்டியது. பிற்பாடு விலை ஏறியது. 1938-ல் சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் விலை 10 சென்ட். இன்று சாதாரண இதழ் ஒன்று 3.99 முதல் 4.99 டாலர். கால் மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். இவ்வளவு காசுக்கு இவ்வளவுதானா என்ற கேள்வி வாசகனுக்கு வருவது இயல்பு. இதழ் விமர்சனம் என்ற வகை வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் வேலையாகவே வளர்ந்ததற்கு இந்த விலை ஒரு காரணம்.

ஆனால் அந்த வேலையை அது உண்மையில் செய்கிறதா என்பது சந்தேகம். 1970-களில் ஃபில் சூலிங் என்ற நியூயார்க் வியாபாரி தொடங்கிவைத்த முறையில்தான் அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள் இன்றும் இயங்குகின்றன. கடைக்காரருக்குத் தள்ளுபடி கூடுதலாகக் கிடைக்கும். விற்காத பிரதியைத் திருப்பி அனுப்ப முடியாது என்பது அதற்கான விலை. இதழ் வருவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே விவரப்பட்டியல் வந்துவிடும். விற்பனைக்குச் சில வாரம் முன்பு ஆர்டரைத் திருத்துவதற்கான கடைசி நாளும் முடிந்துவிடும். வழக்கமான வாடிக்கையாளர்கள் தங்களுக்கு வேண்டிய தொடர்களைக் கடையில் முன்பே எழுதிவைத்திருப்பார்கள். புதன்கிழமை காலை விமர்சனம் வெளியாகும்போது கடைக்காரரின் பணம் எப்போதோ போய்விட்டது. இன்னும் விசித்திரம், முதல் இதழ் எப்படி விற்கும் என்று தெரிவதற்கு முன்பே இரண்டாம் இதழுக்கும் அவர் எண்ணிக்கை சொல்லியிருக்க வேண்டும். ஆக, விமர்சகரின் ‘வாங்குங்கள்’, ‘தவிருங்கள்’ என்ற தீர்ப்பு போய்ச் சேரும் இடத்தில் பெரும்பாலான முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. புதன்கிழமை என்ற ஒழுங்கும் கொஞ்ச காலம் குலைந்தது. கொரோனா காலத்தில் விநியோகஸ்தர் டைமண்டைவிட்டு விலகிய டிசி, செவ்வாய்க்கிழமைக்கு மாறி, 2024-ல்தான் புதனுக்குத் திரும்பியது.

வாங்குவோருக்கு ஆலோசனை சொல்வதற்கு முன்பு விமர்சனம் வேறொன்றாக இருந்தது. அப்போது அது கடிதம். 1960-களின் தொடக்கத்தில் டிசி ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு அச்சிட்டார். ரசிகர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்தார்கள், ரசிகர் இதழ்கள் கிளம்பின. மார்வெலில் ஸ்டான் லீ, கதைகளில் பிழை கண்டுபிடித்துச் சமாளிப்பும் எழுதி அனுப்புபவர்களுக்கு ‘நோ-பிரைஸ்’ கொடுத்தார். பரிசு கிடையாது என்பதே பரிசு, உள்ளே ஒன்றுமில்லாத உறைதான் வந்து சேரும். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 20-ஆம் இதழில் (1963) ஒரு பள்ளி மாணவனின் கடிதம் வந்தது. 17-ஆம் இதழைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கடிதம் அது. எழுதியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், பிற்காலத்தில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதியவர். தனி இதழ் ஒன்றை அது வந்த சூட்டோடு மதிப்பிடுவது என்ற வழக்கத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

பிறகு பத்திரிகைகள் வந்தன. 1971-ல் விளம்பரத் தாளாகத் தொடங்கிய ‘காமிக்ஸ் பையர்ஸ் கைடு’ 2013 வரை தாக்குப்பிடித்தது. கேரி கிராத் 1976-ல் கையில் எடுத்து வளர்த்த ‘தி காமிக்ஸ் ஜர்னல்’ சூப்பர்ஹீரோக்களை முறைத்துப் பார்த்தே பெயர் வாங்கியது. 1991-ல் தொடங்கிய ‘விசர்ட்’ அதற்கு நேர் எதிர். எந்த இதழ் நாளை என்ன விலைக்குப் போகும் என்பதே அதன் பிரதான அக்கறை. மார்வெலின் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் அதே ஆண்டு ஐந்து அட்டைகளோடு வெளியாகி 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது, பிற்பாடு கின்னஸிலும் ஏறியது. பிரிக்காத பிரதிக்குத்தான் மதிப்பு என்றிருந்த காலத்தில் உள்ளே இருப்பதை விமர்சிக்க யாருக்கு அவசரம்?

அந்தக் காலத்தின் மிகப் பெரிய பலி ‘சூப்பர்மேன்’ 75-ஆம் இதழ். 1992 நவம்பரில் கறுப்பு உறைக்குள், துக்கப் பட்டையோடு விற்றார்கள். டூம்ஸ்டே என்ற அரக்கனும் சூப்பர்மேனும் அடித்துக்கொண்டு சாகும் கதை. சூப்பர்மேன் செத்தாரா, திரும்பி வருவாரா, உறையைப் பிரிக்கலாமா என்றே ஊர் பேசியது. ஆனால் அந்தக் கதையின் கட்டுமானத்தில் ஒரு நல்ல தச்சு வேலை ஒளிந்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரங்களின் இதழ்களில் பக்கத்துக்கு நான்கு கட்டம், அடுத்ததில் மூன்று, அடுத்ததில் இரண்டு. கடைசியில் டான் ஜர்கன்ஸ் வரைந்த 75-ஆம் இதழில் பக்கத்துக்கு ஒரே ஒரு கட்டம். வாரம் ஏற ஏறக் கட்டங்கள் குறைகின்றன, படங்கள் பெரிதாகின்றன, ஒவ்வொரு பக்கத்தைப் புரட்டுவதும் ஓர் அடி விழுவதாகிறது. பின்னால் தொகுப்பாகப் படிப்பவருக்கும் இது தெரியும். ஆனால் நான்கு வாரம் கடைக்கு நடந்து நான்கு தனி இதழ்களாக வாங்கியவருக்கு அந்த இறுக்கம் காலண்டரோடு சேர்ந்து ஏறியது.

இதழ் விமர்சனத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் தெரிகிறது. எழுதப்படும் பத்து விமர்சனங்களில் பெரும்பாலானவை கதைச்சுருக்கத்தில் தொடங்கி, வசனத்தைப் பாராட்டி, கடைசிப் பத்தியில் ‘ஓவியமும் அருமை’ என்று கையைக் கழுவுகின்றன. படம் பார்க்கும் புத்தகத்தில் படத்துக்கு ஒரு வரி! விமர்சகர்கள் பலர் எழுத்தின் வழியாக வந்தவர்கள், கதையைப் பேசும் சொற்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. கோடு, நிழல், கட்டங்களுக்கிடையே உள்ள வெள்ளை, எழுத்துக் குமிழ் வைக்கும் இடம் ஆகியவற்றைப் பேசச் சொற்கள் வேண்டும், நேரமும் வேண்டும்.

‘மூன் நைட்’ 2014 தொடரின் ஐந்தாம் இதழை எடுத்துக்கொள்ளலாம். எழுத்து வாரன் எல்லிஸ், ஓவியம் டெக்லன் ஷால்வி, வண்ணம் ஜோர்டி பெல்லேர். கதையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்: கடத்தப்பட்ட சிறுமியை மீட்க, வெள்ளை கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் ஒரு கட்டடத்தின் மாடிகளில் அடியாட்களை அடித்துக்கொண்டே ஏறுகிறார். வசனம் மிகக் குறைவு. கதைச்சுருக்க விமர்சகருக்கு இதில் எழுத ஒன்றுமே கிடைக்காது. ஆனால் பக்கத்தைப் பார்த்தால் விஷயம் வேறு. அழுக்குப் பச்சையும் பழுப்புமாகக் கிடக்கும் அந்தக் கட்டடத்துக்குள் அவர் உடை மட்டும் வண்ணமே தொடாத காகித வெள்ளை. பெல்லேர் அங்கே வேண்டுமென்றே எதையும் பூசவில்லை. எந்தக் கட்டத்தைத் திறந்தாலும் கண் முதலில் அந்த வெள்ளைக்குத்தான் போகும். எத்தனை பேர் சூழ்ந்தாலும் யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில் குழப்பமே இல்லை. சண்டைக் காட்சி படிக்க எளிதாக இருக்கிறதென்றால் அதில் பாதிப் பெருமை வண்ணக்கலைஞருக்கு. அவர் பெயரே இல்லாத விமர்சனம் அந்த இதழின் பாதியைப் பார்க்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

‘ஹாக்ஐ’ 11-ஆம் இதழ் (2013) இன்னும் ஒரு படி மேலே போனது. மேட் ஃப்ராக்‌ஷன், டேவிட் ஆஹா, மேட் ஹாலிங்ஸ்வொர்த், எழுத்து வடிவமைப்புக்குக் கிறிஸ் எலியோபுலோஸ். இதழ் முழுக்க லக்கி என்ற ஒற்றைக்கண் நாயின் பார்வையில் நகர்கிறது. மனிதர்கள் பேசுவது நாய்க்குப் புரிவதில்லை. குமிழ்களுக்குள் கிறுக்கல், நடுவே அதற்குத் தெரிந்த ஓரிரு சொற்கள் மட்டும். ஒருவர் எதிரே வந்தால் அவரைச் சுற்றி வாசனைகளைக் குறிக்கும் சிறுசிறு சின்னங்கள் வரைபடம்போல விரிகின்றன. கொலை நடந்த வீட்டில் நாய் துப்பறிவது அவற்றை வைத்துத்தான். அடுத்த ஆண்டு சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் விருது இதற்குக் கிடைத்தது. தொடரின் மற்ற இதழ்களைப் படிக்காதவரும் இதை எடுத்துப் படிக்கலாம்.

எல்லா இதழும் அப்படித் தனித்து நிற்பதில்லை. ஒவ்வொரு இதழும் யாரோ ஒருவருக்கு முதல் இதழ் என்பது ஒரு காலத்தில் மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் வலியுறுத்திய விதி. அந்த விதி தளர்ந்தது தொகுப்புப் புத்தகங்கள் நன்றாக விற்கத் தொடங்கியபோது. 1962-ல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேன் பிறந்த கதையைப் பதினொரு பக்கத்தில் முடித்தார்கள்: சிலந்திக் கடி, மல்யுத்தம், திருடன், அங்கிள் பென்னின் சாவு எல்லாம் அதற்குள். 2000-ல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடரில் அதையே ஏழு இதழுக்கு இழுத்தார்கள். தொகுப்பாகப் படித்தால் நன்றாக ஓடும். மூன்றாம் இதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மதிப்பெண் போடச் சொன்னால் என்ன செய்வது? சுவரில் பாதியைக் காட்டி வீடு எப்படி என்று கேட்கும் கதைதான். அந்த இதழில் எதுவும் நடக்கவில்லை என்று எழுதினாலும் சரி, பாத்திரங்கள் வளர்கின்றன என்று எழுதினாலும் சரி, இரண்டும் உண்மையாக இருக்கும்.

பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடும் பழக்கம் இந்தச் சிக்கலை மறைக்கிறது. பல இணையத் தளங்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் சேவைகள் வந்தபின் எட்டுக்குக் கீழே இறங்குவதே அவமானம் என்றாகிவிட்டது. இதில் சதி எதையும் தேட வேண்டாம். பிடிக்காத தொடரை மாதாமாதம் காத்திருந்து படித்து விமர்சிக்க யாருக்கும் பொறுமை இல்லை, இருபதாம் இதழ் வரும்போது எஞ்சியிருப்பவர் ரசிகர்தான். முன்கூட்டியே கணினிப் பிரதி அனுப்பும் பதிப்பகத்தோடு முகம் கோணக் கூடாது என்ற தயக்கமும் உண்டு. அந்தக் கணினிப் பிரதியே இன்னொரு கோளாறு. அச்சில் வலப்பக்கத்தைப் புரட்டும்போது வெடிக்க வேண்டிய திருப்பம் திரையில் அடுத்த சொடுக்கில் வந்துவிடுகிறது. இரட்டைப் பக்க ஓவியம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்குகிறது.

சில படைப்பாளிகள் வாராந்திர விமர்சனத்தையே கதையின் ஆயுதமாக்கினார்கள். 2019-ல் ஜொனாதன் ஹிக்மன் ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’, ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ என்று தலா ஆறு இதழாக இரண்டு எக்ஸ்-மென் தொடர்களைப் பன்னிரண்டு வாரம் விடாமல் இறக்கினார். பெப்பே லாராஸும் ஆர். பி. சில்வாவும் ஓவியம். ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ முதல் இதழில் ஒரு திருவிழாத் திடல் பெஞ்சில், பின்னாளில் எக்ஸ்-மென் அணியை நிறுவப்போகும் இளம் சேவியர் உட்கார்ந்திருக்கிறார், மொய்ரா மெக்டாகெர்ட் வந்து பக்கத்தில் அமர்கிறார். அந்த வாரம் விமர்சித்தவர்களுக்கு அது ஒரு புதிரான முன்கதை. அடுத்த வாரம் ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’ இரண்டாம் இதழ் வந்தது. 1975 முதல் சாதாரண மனிதப் பெண்ணாக நாற்பது ஆண்டுக்கு மேல் உலவிய மொய்ரா, உண்மையில் செத்துச் செத்து நினைவோடு மறுபடி பிறக்கும் மியூட்டண்ட் என்று தெரிந்தது. பெஞ்சில் வந்து அமர்ந்தவர் எதிரே இருப்பவரின் எதிர்காலத்தைப் பலமுறை வாழ்ந்து முடித்தவர். ஒரே வாரத்தில் அதே பக்கங்களுக்கு வேறு பொருள். முதல் வார விமர்சனம் இங்கே தோற்கவில்லை. புரியாமல் இருந்த ஏழு நாளை அது பதிவுசெய்து வைத்திருக்கிறது, தொகுப்பில் அந்த ஏழு நாள் கிடையாது.

தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு வேறு வழியில் பழக்கம். முத்து காமிக்ஸில் முழுக்கதையாக நாம் படித்த இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வாரத்துக்குச் சில பக்கமாக வந்தவர். ஒவ்வொரு வாரத் துணுக்கும் ஓர் ஆபத்தில் முடியும். முத்துவில் அந்த ஆபத்துகள் அடுத்தடுத்த பக்கங்களில் வரிசை கட்டி நின்றன. மாயாவிக்கு ஏன் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை உயிர்போகும் நிலை வருகிறது என்று யோசித்த சிறுவர்களுக்கு விடை அதுதான். லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் வேறு) அதே ரகம். அவருக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல்.

இப்போதைய நிலவரத்துக்கு டிசியின் ‘அப்சல்யூட்’ வரிசையைப் பார்க்கலாம். 2024 அக்டோபரில் வந்த ‘அப்சல்யூட் பேட்மேன்’ முதல் இதழ் பலமுறை மறு அச்சு கண்டது. ஸ்காட் ஸ்னைடரின் புரூஸ் வெய்னுக்குச் சொத்து இல்லை, மாளிகை இல்லை, தாய் உயிரோடு இருக்கிறார். தந்தை பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு மிருகக்காட்சி சாலைக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டவர். நிக் டிராகோட்டா வரையும் பேட்மேன் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம், நெஞ்சிலுள்ள சின்னத்தைக் கழற்றினால் கோடரி. முதல் இதழுக்கு வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை என்ன மாறியிருக்கிறது என்ற பட்டியலாகவே இருந்தன. ஏழைப் பேட்மேன் என்ற யோசனையைப் பாராட்டுவது சுலபம். டிராகோட்டா ஒரு பக்கத்தில் அத்தனை சிறு கட்டங்களை அடைத்துவிட்டு, பேட்மேன் நுழையும் இடத்தில் பக்கத்தையே அவருக்குக் கொடுப்பதால்தான் அந்தப் பருமன் உறைக்கிறது. அதை எழுதியவர்கள் குறைவு.

2025 மார்ச்சில் தொடங்கிய ‘அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்’ அந்தச் சோம்பலுக்கு இடம் கொடுக்கவில்லை. டெனிஸ் கேம்ப் எழுத, ஹாவியர் ரொட்ரிகெஸ் வரைந்து வண்ணமும் தீட்டினார். ஜான் ஜோன்ஸ் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரிக்கு மற்றவர்களின் எண்ணங்கள் வண்ணப் புகையாகத் தெரியத் தொடங்குகின்றன. புகையின் நிறத்தைப் பார்க்காமல் கதை நகராது. ஆக, வழக்கமாக ஓவியத்துக்கு ஒரு வரி ஒதுக்குகிறவர்களும் இங்கே பச்சை எங்கே வருகிறது, சிவப்பு எப்போது பரவுகிறது என்று எழுத வேண்டியதாயிற்று.

முதல் இதழுக்கு இவ்வளவு கவனம் கிடைக்கிறது. பதினேழாம் இதழுக்கு? ஜேம்ஸ் டைனியனும் வெர்தர் டெல்எடெராவும் 2019-ல் தொடங்கிய திகில் தொடர் ‘சம்திங் இஸ் கில்லிங் தி சில்ரன்’ ஐந்து இதழோடு முடிவதாக இருந்தது, வரவேற்பு கண்டு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அப்படி நீண்ட தொடர்கள் நடுவில் தடுமாறும் இடம், ஓவியர் களைத்துப்போகும் இடம், எதிர்பாராமல் ஓர் இதழ் ஒளிரும் இடம் ஆகியவற்றைப் பதிவுசெய்ய ஆள் கிடைப்பது அரிது. விதிவிலக்குகள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பால் ஓ’பிரையன் 1990-களிலிருந்து எக்ஸ்-மென் இதழ்களை நல்லது கெட்டது பார்க்காமல் தொடர்ந்து எழுதிவருகிறார். டக்ளஸ் வோக் மார்வெலின் 27,000-க்கு மேற்பட்ட இதழ்களைப் படித்து 2021-ல் ‘ஆல் ஆஃப் தி மார்வெல்ஸ்’ எழுதினார். இப்படி வரிசையாகப் படிக்க முயலாதீர்கள், கைக்குக் கிடைத்த இடத்தில் தொடங்குங்கள் என்று அவரே வாசகரை எச்சரிக்கிறார்.